அத்தைக்குப் பலித்த மருந்தை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. அரிசி மண்டியில் பல வருடம் கணக்கு எழுதியவர். முன்பு பீடி பிடிப்பார், இப்போது இல்லை. வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் விடாமல் இருந்ததால் மதுரையில் சிடி ஸ்கேன் எடுத்தோம். நுரையீரலில் தழும்பு விழும் நுரையீரல் ஃபைப்ரோசிஸ், அதிலும் காரணம் தெரியாமல் வரும் ஐபிஎஃப் வகை என்றார்கள். நின்டெடானிப் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வயிற்றுப்போக்கு தாங்காமல் அடிக்கடி விட்டுவிடுகிறார். அப்பாவின் தங்கையான என் அத்தைக்கும் நுரையீரல் ஃபைப்ரோசிஸ்தான். அவருக்குத் தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மா இருக்கிறது. ஸ்டீராய்டும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட்டும் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார். "நோய் எதிர்ப்பு மண்டலம் தப்பான சிக்னல் கொடுப்பதால்தான் நுரையீரல் கெடுகிறது" என்று இருவரின் டாக்டர்களுமே சொன்னார்கள். அப்படியானால் அப்பாவுக்கு மட்டும் அந்த மருந்தை ஏன் மறுக்கிறார்கள்? அத்தை வீட்டில் மீதமிருந்த ஸ்டீராய்டை அம்மா நான்கு நாள் கொடுத்துப் பார்த்தார். இருமல் குறைந்தது, நன்றாகச் சாப்பிட்டார். உறவினர்களோ எதிர்ப்பு சக்தியைக் கூட்டச் சீந்தில் பொடி கொடுக்கச் சொல்கிறார்கள். எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதா, குறைப்பதா?
வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தையின் ஸ்டீராய்டை இனி அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். நான்கு நாள் கொடுத்ததை அவருடைய டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நான்கு நாளோடு நின்றிருந்தால் பெரும்பாலும் கெடுதல் வராது. உங்களுக்குத் தெரியாமல் வாரக்கணக்கில் போயிருந்தால் மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு தொடர்ந்து உள்ளே போனால் உடல் தன் சொந்த கார்ட்டிசால் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரை போகலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்வார்.

அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். வீட்டில் ஒருவருக்குப் பலித்த மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. அப்பா தெம்பாக இருந்ததும் உண்மைதான். ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், மனதை உற்சாகமாக்கும், சிலருக்கு இருமலும் தணியும். ஆனால் நுரையீரலில் விழுந்துவிட்ட தழும்பை அது தொடுவதில்லை. அந்தத் தெம்பை வைத்து நோய் குறைகிறது என்று கணக்குப் போட்டு ஏமாந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்விக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு டாக்டர்களும் சொன்னது சரி. ஆனால் அவர்கள் சொன்னது ஒரே சிக்னலைப் பற்றி இல்லை.

அப்பாவின் முதுகில், விலா எலும்புகளின் அடிப்பக்கமாக ஸ்டெதாஸ்கோப் வைத்து, ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்னால், இழுப்பு முடியும் தறுவாயில் ஒரு சத்தம் கேட்கும். பள்ளிப் பையின் வெல்க்ரோ பட்டையை மெதுவாகப் பிரித்தால் வருமே, அந்தச் சத்தம். உள்ளே சுருங்கி மூடிக்கொண்டிருக்கும் நுண்ணிய காற்றுவழிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்வதால் வருவது அது. நல்ல நுரையீரலில் காற்றுப்பையின் சுவர் மிக மெல்லியது. ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் ரத்தம், நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டாத தடிப்பு. ஃபைப்ரோசிஸில் அந்த இடத்தில் கொலாஜன் என்ற நார்ப்பொருள் குவிந்து சுவர் தடித்துவிடுகிறது. ஆக்சிஜன் தாண்டி வரச் சிரமப்படுகிறது, நுரையீரலும் விறைத்துப்போகிறது.

அந்த நாரைப் போடச் சொல்வது யார்? இங்கேதான் நோய் எதிர்ப்பு மண்டலம் வருகிறது. எதிர்ப்பு மண்டலம் என்றாலே கிருமியோடு சண்டை போடுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். காயத்தை ஆற்றுவதும் அதன் வேலைதான். முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் முதலில் சிவந்து வீங்குகிறது, பிறகு ஆறித் தழும்பு விழுகிறது. இரண்டு கட்டத்தையும் நடத்துபவை வெள்ளணுக்களும் அவை வெளியிடும் சைட்டோகைன் என்ற சின்னச் சின்ன புரதங்களும்தான். சண்டைக்குக் கூப்பிடும் சைட்டோகைன்கள் உண்டு: இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்றவை. ஆற்றச் சொல்பவை தனி; அவற்றில் முக்கியமானது டிஜிஎஃப்-பீட்டா. சிராய்ப்பு ஆறியதும் இரண்டாவது வகை சிக்னல் அடங்க வேண்டும். ஐபிஎஃபில் அது அடங்குவதே இல்லை.

ஏன் அடங்குவதில்லை என்பதற்கு இன்று நமக்கு ஓரளவு நல்ல விளக்கம் இருக்கிறது. காற்றுப்பையின் உள்சுவரைப் புதுப்பிக்கும் வேலை இரண்டாம் வகை செல்கள் எனப்படுபவற்றுக்கு உரியது. வயதாலும், பல வருடப் புகையாலும் தூசியாலும், சிலருக்குப் பிறவியிலேயே வரும் மரபணு அமைப்பாலும் இந்தச் செல்கள் சோர்ந்துவிடுகின்றன. புதுச் செல்லை உண்டாக்க முடியாமல் அபாய சிக்னலை மட்டும் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. டிஜிஎஃப்-பீட்டா நுரையீரல் திசுவிலேயே பூட்டிய நிலையில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். காயம்பட்ட செல்களின் மேலிருக்கும் இன்டெக்ரின் என்ற புரதம் அந்தப் பூட்டை இழுத்துத் திறக்கிறது. கூடவே சிசிஎல்-2 போன்ற அழைப்புச் சிக்னல்கள் ரத்தத்திலிருந்து மோனோசைட் என்ற வெள்ளணுக்களை நுரையீரலுக்குள் வரவழைக்கின்றன. வந்தவை மேக்ரோபேஜ்களாக மாறிக் காயம்பட்ட இடத்திலேயே தங்கி, மேலும் டிஜிஎஃப்-பீட்டாவையும் பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியையும் சுரக்கின்றன. இவற்றைக் கேட்டுக்கொண்டு ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார் செல்கள் பெருகி, சுருங்கும் தன்மை பெற்று, கொலாஜனைக் கொட்டுகின்றன.

அப்புறம் நடப்பதுதான் கொடுமை. நார் சேர்ந்து திசு விறைக்க விறைக்க, அந்த விறைப்பின் இழுவிசையே இன்னும் கொஞ்சம் டிஜிஎஃப்-பீட்டாவின் பூட்டைத் திறந்துவிடுகிறது. தழும்பே அடுத்த தழும்புக்குச் சிக்னல் கொடுக்கிறது. முதலில் காயப்படுத்திய பீடியை நிறுத்திய பிறகும் உங்கள் அப்பாவின் நோய் நகர்ந்துகொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மோனோசைட் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதில் நான் எப்போதும் கவனிக்கும் ஒரு விஷயம் உண்டு. சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையிலேயே மோனோசைட் அளவு வந்துவிடும். ஒரு மைக்ரோலிட்டருக்கு 950 அல்லது அதற்கு மேல் இருந்த ஐபிஎஃப் நோயாளிகளுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்ததாக 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ரத்தத்தில் ஓடும் எதிர்ப்பு அணுக்களுக்கும் நுரையீரலில் விழும் தழும்புக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இது நல்ல சாட்சி. அதை வைத்துச் சிகிச்சையை மாற்றும் கட்டம் இன்னும் வரவில்லை. அப்பாவின் ரிப்போர்ட்டில் அந்த எண் கூடுதலாக இருந்தால் பயப்படவும் வேண்டாம், தொற்று வந்தாலும் அது கூடும்.

சரி, எதிர்ப்பு அணுக்கள்தான் இதைச் செய்கின்றன என்றால் அவற்றை அடக்கினால் போதுமே என்ற உங்கள் கேள்வி நியாயமானது. நுரையீரல் மருத்துவ உலகமே பல வருடம் அப்படித்தான் நினைத்தது. ஐபிஎஃபுக்கு ஸ்டீராய்டோடு அசாதையோபிரின் அல்லது சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுக்கலாம் என்று 2000ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலே சொன்னது. வீக்கம் முதலில், தழும்பு பிறகு, ஆகவே வீக்கத்தை அடக்கினால் தழும்பு நிற்கும் என்பது அன்றைய கணக்கு.

அதைச் சரிபார்க்க அமெரிக்காவில் பாந்தர் என்ற பெயரில் ஒரு சோதனை நடந்தது. 77 ஐபிஎஃப் நோயாளிகளுக்கு பிரெட்னிசோன், அசாதையோபிரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் மூன்றையும் கொடுத்தார்கள். 78 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. பாதியில் கணக்கெடுத்துப் பார்த்தபோது மருந்து சாப்பிட்டவர்களில் 8 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்களில் ஒருவர். மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது மருந்து சாப்பிட்டவர்களில் 23 பேர், வெற்று மாத்திரைக்காரர்களில் 7 பேர். நுரையீரல் கொள்ளளவிலும் எந்த ஆதாயமும் இல்லை. 2011 அக்டோபரில் அந்த மூன்று மருந்துப் பிரிவை நிறுத்திவிட்டு உலகம் முழுவதும் மருத்துவர்களை எச்சரித்தார்கள். உங்கள் அப்பாவின் டாக்டர் மறுப்பதற்குப் பின்னால் இருப்பது இந்த எண்கள்தான். அத்தைக்கு ஒரு நியாயம், அப்பாவுக்கு ஒரு நியாயம் என்று அவர் நினைக்கவில்லை.

அடக்கியது ஏன் கெடுத்தது? ஸ்டீராய்டும் அசாதையோபிரினும் அடக்குவது பெரும்பாலும் சண்டை வகை சிக்னல்களை. ஐபிஎஃபை ஓட்டுவது ஆற்றும் வகை சிக்னல்; அதன் மேல் இவற்றுக்குப் பெரிய பிடி இல்லை. ஆக, தழும்பு வழக்கம்போல் போய்க்கொண்டிருக்க, கிருமியைத் தடுக்கும் காவல் மட்டும் பறிபோகிறது. பாந்தரில் கலந்துகொண்டவர்களின் ரத்தத்தைப் பிற்பாடு ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியர் சிலருக்குக் குட்டையாக இருக்கும். ஐபிஎஃப் நோயாளிகளிடம் இது அதிகம். அப்படிப்பட்டவர்களைத்தான் அந்த மருந்துக் கூட்டு அதிகம் பாதித்திருந்தது. டெலோமியர் குட்டையாக இருப்பவர்களுக்கு எலும்பு மஜ்ஜையும் வலுவிழந்திருக்கலாம், அடக்கும் மருந்தை உடல் தாங்காமல் போகலாம்.

மொத்தமாக அடக்காமல் ஒரு சிக்னலை மட்டும் பிடித்து நிறுத்தினால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். டிஎன்எஃபைத் தடுக்கும் எடானெர்செப்ட் கைகொடுக்கவில்லை. இன்டர்லூக்கின்-13ஐத் தடுக்கும் மருந்துகளும் அப்படியே. இன்டர்ஃபெரான்-காமாவை 826 பேரிடம் நடந்த சோதனையில் பார்த்தார்கள், ஆயுள் கூடவில்லை. டிஜிஎஃப்-பீட்டாவின் பூட்டைத் திறக்கும் இன்டெக்ரினையே தடுக்கும் ஒரு மருந்தின் சோதனை பாதுகாப்புக் காரணத்தால் பாதியில் நிறுத்தப்பட்டது. என் எண்ணத்தில் இந்தத் தோல்விகள் வீண் போகவில்லை. ஒரு சிக்னலை அடைத்தால் நுரையீரல் வேறு வழியாக அதே வேலையைச் செய்துகொள்கிறது என்பதையும், கெடுதல் செய்யும் சிக்னலேதான் உடலுக்குத் தேவையான காவலையும் செய்கிறது என்பதையும் இவைதான் நமக்குக் கற்றுக்கொடுத்தன.

இப்போது அத்தைக்கு வருவோம். ஸ்கிளீரோடெர்மாவில் கோளாறு நுரையீரலில் தொடங்குவதில்லை, எதிர்ப்பு மண்டலத்திலேயே தொடங்குகிறது. சொந்த செல்களுக்கு எதிராகவே ஆன்டிபாடிகள் உருவாகின்றன. அத்தையின் பழைய ரிப்போர்ட்டில் ஏஎன்ஏ பாசிடிவ் என்றோ, எஸ்சிஎல்-70 என்றோ எழுதியிருக்கலாம். டி செல்கள், பி செல்கள், இன்டர்லூக்கின்-6 எல்லாம் சேர்ந்து ரத்தக் குழாய்களையும் தோலையும் நுரையீரலையும் தாக்குகின்றன. அந்தத் தாக்குதல் நார் செல்களைத் தட்டி எழுப்புகிறது. இங்கே சண்டை சிக்னல்தான் ஓட்டுநர் என்பதால், அதை அடக்கினால் வண்டி வேகம் குறைகிறது. சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஓரளவு பயன் தருவதாக 2006இல் தெரிந்தது. மைக்கோஃபினோலேட் அதே பயனைக் குறைந்த பக்கவிளைவோடு தருவதாக 2016இல் நிரூபணமானது. இன்டர்லூக்கின்-6இன் ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் ஊசியை 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஸ்கிளீரோடெர்மா நுரையீரல் நோய்க்கு அனுமதித்தது. ஐபிஎஃபில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்ற அதே அணுகுமுறை இங்கே பலிக்கிறது.

ஆக, "நுரையீரல் ஃபைப்ரோசிஸ்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மருந்தைத் தீர்மானிக்க முடியாது. எந்த நோயின் தழும்பு என்பதுதான் முதல் கேள்வி. அப்பாவின் விஷயத்தில் அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது, அதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

ஒன்று, கூடப் பிறந்த தங்கைக்குத் தன்னுடல் தாக்குநோய் இருக்கிறது. ஐபிஎஃப் என்று முடிவு செய்யும் முன் ஏஎன்ஏ, ருமட்டாய்டு காரணி, ஆன்டி-சிசிபி போன்ற ரத்தப் பரிசோதனைகளைச் செய்வது வழக்கம். அவை செய்யப்பட்டனவா என்று பைலைப் பாருங்கள். காலையில் கைவிரல் மூட்டுகள் விறைக்கிறதா, குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுத்து நீலமாகிறதா, வாய் வறள்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். இருவரும் அண்ணன் தங்கை என்பதை இரண்டு டாக்டர்களுக்கும் சொல்லிவிடுங்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு நுரையீரல் தழும்பு என்பது அவர்களுக்குத் தேவையான தகவல்.

இரண்டு, அரிசி மண்டி. தானியத் தூசி, மூட்டைகளில் பிடித்த பூஞ்சை, மண்டியின் உத்தரத்தில் அடையும் புறா, இதெல்லாம் உங்கள் அப்பா பல வருடம் சுவாசித்த காற்றில் இருந்திருக்கும். இப்படிப்பட்ட பொருட்களுக்கு எதிர்ப்பு மண்டலம் ஒவ்வாமையாகக் கிளர்ந்து நுரையீரலைக் கெடுக்கும் நோய் ஒன்று உண்டு, ஹைப்பர்சென்சிடிவிட்டி நியூமோனைட்டிஸ் என்பார்கள். நாள்பட்டுத் தழும்பாகிவிட்டால் ஸ்கேனில் ஐபிஎஃபைப் போலவே தோன்றக்கூடும். இந்தியாவில் 19 நகரங்களின் 27 மருத்துவமனைகளில் 1,084 நோயாளிகளைப் பதிவு செய்து 2017இல் வெளியான ஆய்வில், கிட்டத்தட்ட 47 சதவீதம் பேருக்கு இந்த நோய்தான் இருந்தது. ஐபிஎஃப் 14 சதவீதம்கூட இல்லை. அந்த 47 சதவீதத்தினரில் பாதிப்பேர் அளவுக்கு ஏர் கூலர் புழக்கம் உள்ளவர்கள். ஏர் கூலரின் ஈர வைக்கோல் தட்டியில் வளரும் பூஞ்சை காற்றோடு நேராக மூக்குக்கு வருகிறது.

அதனால் வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மாடியில், ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னால் புறா அடைகிறதா? கூலர் இருக்கிறதா, அதன் தட்டி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? சுவரில் ஈரம் ஏறிக் கரும்புள்ளி விழுந்திருக்கிறதா? அப்பா இன்னும் மண்டிப் பக்கம் போய் உட்காருகிறாரா? இவற்றை எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, ஸ்கேன் படத்தை இந்த நோயின் கண்ணோடு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நுரையீரல் மருத்துவர், ஸ்கேன் நிபுணர், மூட்டுநோய் மருத்துவர் மூவரும் சேர்ந்து பார்ப்பதுதான் சிறந்த முறை; பெரிய மருத்துவமனைகளில் அப்படிச் செய்கிறார்கள். இது ஒவ்வாமை நோய்தான் என்று தெரிந்தால் காரணத்தை விலக்குவதுதான் முதல் சிகிச்சை. எதிர்ப்பை அடக்கும் மருந்துக்கும் அப்போது ஓர் இடம் இருக்கலாம். ஐபிஎஃப் என்றே உறுதியானால் அந்தக் கதவு மூடியதுதான்.

எதுவாக இருந்தாலும் நின்டெடானிப் வீணாகாது. மேலே சொன்ன தொடரில், பிடிஜிஎஃப் உள்ளிட்ட வளர்ச்சிக் காரணிகளின் சிக்னல் நார் செல்லுக்குள் நுழையும் இடத்தை அது அடைக்கிறது. தொடக்கம் எதுவானாலும் நோயின் பிற்பகுதி பல சமயம் ஒரே பாதையில்தான் போகிறது. அதனால்தான் ஐபிஎஃபுக்கு 2014இல் அனுமதி பெற்ற இந்த மருந்து 2019இல் ஸ்கிளீரோடெர்மா நுரையீரலுக்கும், 2020இல் தொடர்ந்து கூடிவரும் மற்றத் தழும்பு நோய்களுக்கும் அனுமதி பெற்றது. இது தழும்பைக் கரைக்காது. நுரையீரல் கொள்ளளவு ஆண்டுதோறும் இறங்கும் வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கும். மாத்திரை சாப்பிட்டும் மூச்சு முன்போல ஆகவில்லையே என்று அப்பா சொன்னால், அது வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் வேகமாக இறங்கியிருக்க வேண்டியதை அது தடுத்திருக்கலாம்.

வயிற்றுப்போக்கு இந்த மருந்தில் பத்தில் ஆறு பேருக்கு வருகிறது. அதற்கு வழி இருக்கிறது, தானாக விட்டுவிடுவது அந்த வழி இல்லை. வெறும் வயிற்றில் போடக் கூடாது. இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். வயிறு கலங்கும் நாட்களில் பால், எண்ணெய்ப் பலகாரம், காரத்தைக் குறைத்துத் தயிர் சாதம், கஞ்சி, உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். லோபெரமைடு மாத்திரையை எப்போது போடலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 150 மில்லிகிராம் வேளைக்கு ஒன்று தாங்கவில்லை என்றால் 100 மில்லிகிராமாகக் குறைக்கலாம், சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் தொடங்கலாம். இதையெல்லாம் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் அப்பா மாத்திரையை விட்டுவிடுவது அவருக்குத் தெரிந்தால்தானே செய்வார்? குறைத்தும் முடியவில்லை என்றால் பிர்ஃபெனிடோன் இருக்கிறது. அதில் வயிற்றுப் பிரட்டலும் வெயில் பட்டால் தோல் சிவந்து எரிவதும் உண்டு. விருதுநகர் வெயிலில் முழுக்கைச் சட்டையும் குடையும் இல்லாமல் வெளியே போகக் கூடாது. இரண்டு மருந்துக்குமே கல்லீரல் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும்.

எதிர்ப்பு சிக்னலையும் நார் செல்லையும் ஒருசேரத் தணிக்கும் புது வகை மருந்து ஒன்றும் வந்திருக்கிறது. நெரான்டோமிலாஸ்ட் என்று பெயர். பிடிஇ-4பி என்ற நொதியைத் தடுக்கிறது. 2025 அக்டோபரில் அமெரிக்காவில் ஐபிஎஃபுக்கு அனுமதி கிடைத்தது. இதுவும் வேகத்தைக் குறைக்கும் மருந்துதான். ஆனாலும் பல வருடத் தோல்விகளுக்குப் பிறகு, எதிர்ப்பு சிக்னலை முழுதாக அணைக்காமல் பக்குவமாகத் தணிக்க முடியும் என்று காட்டியிருப்பதால் எனக்கு இதில் உண்மையான நம்பிக்கை இருக்கிறது.

சீந்தில் பொடி வேண்டாம். எதிர்ப்பு சக்தி என்பது கூட்டிக் குறைக்கும் ஒரே அளவு கிடையாது என்பதை இதற்குள் புரிந்துகொண்டிருப்பீர்கள்; எந்த சிக்னல் கூடும் என்று தெரியாமல் கூட்டுவதில் அர்த்தமில்லை. அதைவிட முக்கியம் கல்லீரல். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை நம் நாட்டுக் கல்லீரல் மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள், அதிலும் தன்னுடல் தாக்குநோய்ப் போக்கு உள்ளவர்களிடம். கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டே சாப்பிட வேண்டிய மருந்தில் அப்பா இருக்கிறார். மிளகு ரசமும் தூதுவளைத் துவையலும் சாப்பாடாக எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடட்டும். எதிர்ப்பு சக்திக்கு உருப்படியாக ஏதாவது செய்ய ஆசைப்பட்டால், ஆண்டுக்கு ஒரு ஃப்ளூ தடுப்பூசியும் நிமோகாக்கல் தடுப்பூசியும் போடச் சொல்லுங்கள்.

தொற்றைத் தடுப்பதில் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணம், ஐபிஎஃபில் திடீர்ச் சீர்கேடு என்று ஒன்று உண்டு. மாதக்கணக்கில் மெதுவாகப் போன நோய் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ பாய்ச்சலாக மோசமாகும். ஸ்கேனில் தழும்புக்கு மேல் புதிதாக வெண்புகை படர்ந்ததுபோல் தெரியும். இந்த நேரத்தில் சண்டை சிக்னல்களும் சேர்ந்து எகிறுகின்றன. அப்போது மட்டும் மருத்துவமனையில் ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம், அதற்கும் உறுதியான ஆதாரம் குறைவுதான். கூடுதலாக சைக்ளோஃபாஸ்ஃபமைடு சேர்த்துப் பார்த்த பிரெஞ்சு சோதனையில், சேர்த்தவர்களிடையே மூன்று மாதத்துக்குள் இறப்பு 45 சதவீதம், சேர்க்காதவர்களிடையே 31 சதவீதம். ஆகவே திடீரென மூச்சிரைப்பு கூடினால் வீட்டில் எந்த மாத்திரையையும் தொடங்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு விரல் ஆக்சிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இந்த நோயில் உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டும், கொல்லைப்புறம் வரை நடந்து வந்தால் 86 காட்டும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே தூரம் நடக்கவிட்டு, நடந்து முடிந்ததும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். நடந்தபின் 88க்குக் கீழே அடிக்கடி போனால் வீட்டு ஆக்சிஜன் தேவையா என்று டாக்டர் பார்ப்பார். நுரையீரல் ஊதும் பரிசோதனையை நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முடிந்தவரை ஒரே இடத்தில் செய்யுங்கள்.

கடைசியாக அத்தை. நன்றாக இருக்கிறார் என்பதே மருந்தை விட்டுவிடக் காரணமாகிவிடக் கூடாது. நன்றாக இருப்பதே மருந்தால்தான். அவர் வீட்டில் மீதமிருக்கும் ஸ்டீராய்டு, டாக்டர் அளவைக் குறைத்ததால் மிஞ்சியதா, அவராக விட்டதால் மிஞ்சியதா என்று கேட்டுவிடுங்கள். ஸ்கிளீரோடெர்மாவில் ஸ்டீராய்டின் அளவு கூடினால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படும் ஆபத்து உண்டு, அதன் முதல் அறிகுறி ரத்த அழுத்தம் எகிறுவது. அதனால் ஸ்டீராய்டு சாப்பிடும் வரை பக்கத்து சுகாதார நிலையத்திலாவது பிரஷரை அடிக்கடி பார்க்கட்டும். மைக்கோஃபினோலேட் சாப்பிடுபவர் என்பதால் ரத்த எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். இருமலும் மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் தொடர்ந்தால் காசநோய்ச் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். அப்பாவுக்குக் கொடுத்தது போக மீதி ஸ்டீராய்டு உங்கள் வீட்டில் இருந்தால், அதை அத்தையின் டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.